நாயின் நிறமும் மனிதனின் மயக்கமும்

1644-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் இங்கிலாந்தில் மார்ஸ்டன் மூர் என்னும் வெளியில், அரசர் கட்சிக்கும் பார்லிமெண்டுக் கட்சிக்கும் பெரும்போர் நடந்தது. அன்று மாண்டவர்களுள் ஒரு நாயும் உண்டு. அரசர் படைத்தலைவரான ரூபர்ட் இளவரசர் வளர்த்த வெள்ளைப் பூடில் அது, பெயர் 'பாய்'. அந்நாய் துப்பாக்கிக் குண்டைப் பல்லால் கவ்விப் பிடிக்கும் என்றும், மாயவித்தை அறிந்தது என்றும் துண்டுப் பிரசுரங்கள் அக்காலத்தில் அச்சாகிப் பரவின. ஆனால் போரில் எல்லா உயிரும் இறப்பது போலவே அதுவும் இறந்தது.

இல்லாத பொருளைக் கற்பித்துக்கொள்வது மனிதனின் பழைய இயல்பு. ஒரு பூடிலுக்கு மந்திர சக்தியைக் கற்பித்த அதே மனம், பின்னாளில் அவ்வினத்தின் மயிர் நிறத்திற்கு உயர்வு தாழ்வு கற்பித்தது. இன்று பூடிலோடு பிற இன நாய்களைச் சேர்த்துப் பெறும் கலப்பு நாய்கள் பல நாடுகளில் பெரும் விலைக்குப் போகின்றன. வாங்குவோர் பலர் கேட்கும் முதற்கேள்வி, "என்ன நிறம்?" என்பதே. இக்கேள்வியின் வரலாற்றைச் சற்று ஆராய்வோம்.

பூடில் ஆதியில் அலங்கார நாயன்று. வேட்டைக்காரர் சுட்டு வீழ்த்திய நீர்ப்பறவையை நீந்திச் சென்று கவ்வி வருவதே அதன் தொழில். நீரைத் தெறித்து அளைதலைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. நீரில் இறங்கும் நாய் வெள்ளையா, கறுப்பா, இரண்டும் கலந்ததா என்பதால் வேட்டைக்கு வந்த குறை யாது? வெண்மேனியில் கரிய திட்டோ பழுப்புத் திட்டோ உடைய பூடில்களைப் பழைய ஓவியங்களில் காணலாம்.

1873-இல் இங்கிலாந்திலும், 1884-இல் அமெரிக்காவிலும் கென்னல் கிளப் என்னும் சங்கங்கள் தோன்றின. நாய்களின் குலவழியைப் பதிவு செய்வதும், கண்காட்சி நடத்துவதும் அவற்றின் வேலை. அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி பூடிலின் மேனி முழுவதும் ஒரே நிறமாய் இருத்தல் வேண்டும். இருநிறம் கொண்டது கண்காட்சிக்குத் தகுதியற்றது. அதன் நீச்சலில் குறையில்லை, அறிவில் குறையில்லை, திட்டு ஒன்றே குற்றம்!

பின்னாளில் பூடிலோடு கலக்கவிருந்த லாப்ரடாருக்கும் இதுவே நேர்ந்தது. கறுப்பே அவ்வினத்தின் முறையான நிறம் எனக் கருதப்பட்ட காலத்தில், இடையே பிறந்த மஞ்சள் குட்டிகளை வளர்ப்போர் பலர் கழித்துவிட்டனர். 1899-இல் கறுப்புத் தாய் தந்தைக்குப் பிறந்த 'பென் ஆஃப் ஹைட்' என்னும் நாயே பதிவு பெற்ற முதல் மஞ்சள் லாப்ரடார். கறுப்புக்கு மஞ்சள் பிறப்பது எவ்வாறு? பெற்றோரின் குலத்தில் களங்கம் என ஐயுற்றோர் இருந்திருப்பர். விடையோ, மெண்டல் 1865-இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு விளக்கி, உலகம் 1900 வரை மறந்திருந்த விதியில் இருந்தது. வெளியில் தோன்றாத பண்பு உள்ளே அழியாமல் இருக்கிறது. அதனை மறைவாய்ச் சுமக்கும் இருவர் கூடின், சராசரியாக நான்கில் ஒரு குட்டியில் அது வெளிப்படுகிறது. களங்கம் குலத்தில் இல்லை. பார்த்தவர் கருத்தில்தான் இருந்தது.

1989-இல் ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் பணிபுரிந்த வாலி கான்ரன், ஹவாய்த் தீவிலிருந்த பார்வையற்ற பெண்ணொருவருக்காக லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். அப்பெண்ணின் கணவருக்கு நாய் மயிர் ஒவ்வாது. பிறந்த குட்டிகள் மூன்று. அவற்றுள் ஒன்றே அவருக்கு ஒத்துக்கொண்டது. எஞ்சிய கலப்புக் குட்டிகளை ஏற்க எவரும் முன்வரவில்லை. 'லாப்ரடூடில்' என்று பெயர் சூட்டியதும் எல்லோரும் கேட்டு வந்தனர்! நாய் மாறவில்லை, பெயர் மாறியது. இதனால் விளைந்த வியாபார வேட்டையைக் கண்டு கான்ரன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே வருந்தினார்.

கலப்பினால் மறைந்திருந்த நிறங்கள் யாவும் வெளிவந்தன. கண்காட்சி விதி தள்ளிய திட்டு நிறம், 'பார்ட்டி' என்ற பெயரோடு கூடுதல் விலை பெற்றது. ஆயினும் விஞ்ஞானம் காட்டுவது மிக எளிது. நாயின் மயிருக்கு அடிப்படைச் சாயங்கள் இரண்டே: ஒன்று கறுப்பு, மற்றொன்று செம்மஞ்சள். ஒரு மரபணு கறுப்பைப் பழுப்பாக்குகிறது. வேறொன்று மயிரில் கறுப்பே தோன்றாமல் தடுத்துப் பொன்னிறம் தருகிறது. இன்னொன்று வெண்திட்டு இடுகிறது. மற்றொன்றோ, கறுப்பாய்ப் பிறந்த குட்டியை வளர வளர வெள்ளி நிறமாக வெளுக்கச் செய்கிறது. கறுப்புக்கென்று அதிக விலை கொடுத்தவர் ஈராண்டில் சாம்பல் நிற நாயைக் காணக்கூடும்.

இவ்வளவோடு நின்றால் இது வேடிக்கைக் கதையே. துன்பம் 'மெர்ல்' நிறத்தில் இருக்கிறது. பளிங்குக் கல்லைப் போலக் கருமையும் சாம்பலும் சிதறிய அழகு அது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2006-இல் கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களோடு பூடிலைச் சேர்க்கும்போது இது குட்டிகளுக்கு வருகிறது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்ற குட்டி பெரும்பாலும் நலமாய் வாழும். இருவரிடமிருந்தும் பெற்றதோ பலவேளை செவிடாகவும், கண் குறையுடனும் பிறக்கிறது. பொன்னிற நாயில் மெர்ல் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். கண்ணை நம்பிச் சேர்ப்பவன், தான் அறியாமலே குருட்டுக் குட்டியை உலகிற்குக் கொண்டுவருகிறான். மரபணுச் சோதனை ஒன்று செய்தால் இதனைத் தடுத்துவிடலாம். சோதனை இருந்தும் செய்யாமல் விடுவது அறியாமையன்று, பேராசை.

நிறத்தைக் கண்டு சூனியம் என்றும், களங்கம் என்றும், அபூர்வம் என்றும் மனிதன் மாறி மாறிக் கூறியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் பிழை அவனுடையது, வலி நாயினுடையது. ஆதலால் நாய் வளர்க்க விரும்பும் அன்பர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுவே: நிறத்தைக் கேட்குமுன், பெற்றோரின் நலத்தைக் கேளுங்கள், சோதனைச் சான்றைக் கேளுங்கள். அதற்கு விடை சொல்லாதவனிடம் எந்நிறக் குட்டியையும் வாங்காதீர்கள். உங்கள் வாசலில் வந்து வாலாட்டி நிற்கும் அந்த உயிர், உங்கள் நிறத்தைக் கேட்டு அன்பு செய்வதில்லை.