பட்டா நம்முடையது, பாதை யானையுடையது



விடுமுறை நெருங்கினால் போதும், மசினகுடியில் எந்த ரிசார்ட் நல்லது என்று கேட்டுச் செய்தி வந்துவிடுகிறது. “அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் வாங்கிப் போடலாமா டீச்சர்?” என்று கேட்டவர்களும் உண்டு. ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட அந்த மண்ணின் வரலாற்றை எழுதிவிடுகிறேன். சற்று நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் நீலகிரியில் சந்திக்கின்றன என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு எல்லோரும் விடை எழுதியிருக்கிறீர்கள். நாம் மனப்பாடம் செய்த அந்தச் சந்திப்பை யானைகள் நடந்தே கடக்கின்றன. வயநாடு, பந்திப்பூர், முதுமலைக் காடுகளிலிருந்து சத்தியமங்கலம் பக்கம் போக அவற்றுக்கு முக்கியமான வழி சீகூர் சமவெளி. தெற்கே நீலகிரியின் செங்குத்துச் சரிவு. வடக்கே மோயாற்றின் ஆழமான பள்ளத்தாக்கு. யானையால் இரண்டிலும் ஏறி இறங்க முடியாது, நடுவில் உள்ள நிலத்தில்தான் நடந்தாக வேண்டும். மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் எல்லாம் அந்த நடுவில்தான் இருக்கின்றன.

முதுமலை 1940-இல் சரணாலயமானது. பின்னாளில் தேசியப் பூங்காவும் 2007-இல் புலிகள் காப்பகமும் ஆனது. ஆனால் கிராமத்துப் பட்டா நிலங்கள் பூங்கா எல்லைக்கு வெளியேதான் இருந்தன. இருளரும் குறும்பரும் அங்கே பழங்குடிகள். சிங்காராவில் 1932-இல் பைக்காரா மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின் திட்ட வேலைகளுக்காக வந்தவர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். கொஞ்சம் விவசாயம் செய்தார்கள், மாடு வளர்த்தார்கள், சாணத்தைத் தோட்டங்களுக்கு எருவாக விற்றார்கள். பயிர்ச் சேதம் உண்டு, உயிர்ச் சேதமும் உண்டு. அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும் பொழுது சாய்ந்தால் வயல் அடங்கிவிடும், யானை கடந்து போய்விடும்.

ரிசார்ட்டுகள் வந்த பிறகு இந்த ஏற்பாடு குலைந்தது. பட்டா அதே பட்டாதான், பயன்பாடு மாறிவிட்டது. விவசாயி தூங்கும் நேரத்தில்தான் விடுதி விழிக்கிறது. மின்வேலி, விளக்கு, பாட்டு, இரவில் ஜீப் ஓட்டம். ஒரு வேலியை யானை சுற்றிப் போகும். வரிசையாக வேலி இருந்தால் எங்கே போகும்? ஊருக்குள்தான் வரும். அப்போது அடிபடுவது விடுதி முதலாளி அல்ல, குடிசையில் இருப்பவர்.

இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டவர்களில் ஒருவர் குன்னூர் வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார். 1970-களிலேயே நீலகிரியின் யானை வழித்தடங்களை ஆராய்ந்து எழுதினார். அரசு கவனிக்க வெகுகாலம் ஆனது. பொதுநல வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 31.8.2010 அன்று தமிழ்நாடு அரசு சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்தது. உயர் நீதிமன்றம் 7.4.2011 அன்று அதை உறுதி செய்தது. ரிசார்ட் உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2018 ஆகஸ்டில் 27 ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைக்க உத்தரவு வந்தது. 14.10.2020 அன்று தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே தலைமையிலான அமர்வு, வழித்தடத்தை அறிவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. தனித்தனி ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழுவும் அமைத்தது.

மறுதரப்பையும் கேட்க வேண்டும். “இது எங்கள் சொந்தப் பட்டா நிலம். உள்ளூர்க்காரர்களுக்கு வேலை தருகிறோம்” என்றார்கள் உரிமையாளர்கள். வேலை போனவர்களின் கஷ்டம் உண்மையானது. ரிசார்ட்டோடு சேர்த்துத் தங்களையும் வெளியேற்றிவிடுவார்களோ என்ற ஏழைகளின் பயமும் நியாயமானது. தலைமுறைகளாக அங்கே வாழும் குடிசையையும், லாபத்துக்காக வந்த விடுதியையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதே என் கருத்து.

தீர்ப்பு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானைமேல் எரியும் பொருளை எறிந்தார்கள். காதில் தீப்பற்றியபடி அது ஓடிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த யானை பிழைக்கவில்லை.

ஆகவே என் பதில் இதுதான். காட்டைப் பார்க்கப் போங்கள், குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். தங்குமிடத்துக்கு முறையான அனுமதி இருக்கிறதா, அது வழித்தடத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இரவு ஜீப் சவாரி உண்டு என்று ஆசை காட்டினால் அந்த இடமே வேண்டாம். இடம் வாங்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். வாங்குகிறவர் இல்லையென்றால் வயலை மனையாக்க யாருக்கும் மனம் வராது. வழக்குப் போட நம்மால் முடியாமல் இருக்கலாம், வாங்காமல் இருக்க நம் எல்லோராலும் முடியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்