ஈயத்தில் வார்த்த வாக்கு

1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி, 1711 மார்ச்சில் முடித்தும்விட்டார். அச்சடிக்கத்தான் வழியில்லை.

லண்டனிலிருந்து ஓர் அச்சுப்பொறி கப்பலேறியது. கூடவே அச்சர் யோனாஸ் ஃபிங்க். ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். அடித்தட்டில் கிடந்த பொறி மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. மீண்டு புறப்பட்டால், நன்னம்பிக்கை முனையருகே காய்ச்சலில் ஃபிங்க் இறந்துபோனார். 1712இல் பொறி வந்து சேர்ந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஆளைக் காணோம்.

தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர்களின் படையில் இருந்த ஒரு சிப்பாய்க்கு அச்சுத்தொழில் தெரியும் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது! 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. மறு ஆண்டே சுவிசேஷங்கள் வெளிவந்தன. உலகம் முடியும் நாள்வரை உங்களைப் பிரியமாட்டேன் என்று இயேசு கொடுத்த வாக்கு, மத்தேயுவின் கடைசி வரியாக, அச்சில் ஏறியது. ஆனால் எழுத்துகள் பெரிது. இப்படியே போனால் புத்தகம் முடியுமுன் காகிதம் தீர்ந்துவிடும்.

சிறிய எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். லண்டனிலிருந்து பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத் தகட்டையே உருக்கினார்கள் என்பார்கள். உணவு வந்த உறை வேத எழுத்தானதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையானது. கதை முடியவில்லை.

ஹாலே பள்ளியில் ஒரு பிரபு வீட்டுப் பையன் தரங்கம்பாடிச் செய்திகளை ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பெயர் சின்சென்டார்ஃப். 1728 மே 3 மாலை, ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில், மறுநாளைக்கென்று ஒரு வாக்கைச் சபைக்குக் கொடுத்தார். விடிந்ததும் அது ஊரின் 32 வீடுகளுக்கும் போனது. 1731ஆம் ஆண்டு முழுமைக்குமான வாக்குகள் புத்தகமாக அச்சாயின. கடல் தாண்டுவதுதான் பாக்கி.

தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகளின் பின்னால் மலாயாவின் நெகிரி செம்பிலானுக்கு வந்த தமிழர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ரந்தாவ், லாபு, போர்ட் டிக்சன் பக்கத்துப் பால்மரக் காடுகளில் விடியுமுன் பெரட்டு, பிறகு வெட்டு, வாளி தூக்குதல். அந்த வாழ்வும் நிலைக்கவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. எத்தனையோ பேர் திரும்பவில்லை. லயத்தில் தனித்துப்போன வீடுகளில், வேதம் அறிந்தவர்களுக்குப் பற்றிக்கொள்ள மத்தேயுவின் அந்தக் கடைசி வரி இருந்தது.

தரங்கம்பாடியின் அச்சும் ஹெர்ன்ஹூட்டின் வழக்கமும் ஒரு சின்னத் தாளில் கைகோத்து நிற்பதாகவே நான் பார்க்கிறேன். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், தட்டில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டைதான் அது. எடுத்ததைத் திருப்பிப் பார்க்குமுன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல காலி. சிரம்பான் அடுக்குமாடி வீடுகளிலும் அந்த அட்டை காலண்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.