ஈயம் போட்ட பாதை

நம்மவர்கள் பேராக்கிலும் சிலாங்கூரிலும் இவ்வளவு பேர் இருக்கும்போது கிளந்தானிலும் திரங்கானுவிலும் ஏன் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள் என்று பேரன் கேட்டான். கிழக்குக் கரைக்காரர்கள் மெத்தனமானவர்கள், அதனால் அங்கே ஒன்றும் வளரவில்லை என்று நம் காலத்தில் பலர் சொல்வார்கள். அது துரைமார் பேச்சின் மிச்சம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

விஷயம் ஈயத்தில் தொடங்குகிறது. லாருட், கிந்தா, கிள்ளான் பள்ளத்தாக்கு எல்லாம் மேற்கே இருந்தன. சீன முதலாளிகள் அங்கே முன்பே பணம் போட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 1874-இல் பங்கோர் ஒப்பந்தத்தோடு வெள்ளைக்காரன் உள்ளே வந்தான். ஏற்றுமதியாகும் ஈயத்தின்மேல் தீர்வை விதித்தான். அந்தத் தீர்வைப் பணத்தில்தான் சடக்கும் ரயிலும் வந்தன. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு (இன்றைய கோலா செப்பெத்தாங்) வரை 8 மைல் முதல் ரயில். அடுத்த ஆண்டே கோலாலம்பூர், கிள்ளான் பக்கம். ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்டது. மனிதர் ஏறியது கூடுதல் இலாபம்.

பிறகு ரப்பர் வந்தது. லண்டன் கம்பெனிகள் காட்டுக்குள் புதுப் பாதை வெட்டிக்கொண்டு போகவில்லை. இருக்கிற ரயில் பாதையையும் சடக்கையும் ஒட்டியே நிலம் கேட்டன. 1910 வாக்கில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது பங்குப் பணம் கொட்டியது. தோட்டம் எங்கேயோ, லயம் அங்கே. லயம் எங்கேயோ, மாரியம்மன் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் அங்கே. நம் பாட்டன் பூட்டன் எந்த ஊரில் இறங்கினார் என்பதை, மண்ணுக்கடியில் கிடந்த ஈயம் முன்பே முடிவு செய்துவிட்டது.

கிழக்கே என்ன நடந்தது? வடகிழக்குப் பருவக்காற்றில் சில மாதங்கள் துறைமுகங்களே மூடிக்கிடக்கும். நடுவே தித்திவாங்சா மலைத்தொடர். பகாங் கூட்டாட்சியில் இருந்தும் ரவூப் தங்கச் சுரங்கம் போன்ற ஓரிரண்டைத் தவிரப் பெரிதாக ஒன்றும் எடுபடவில்லை. கிளந்தான் கதை இன்னும் வேடிக்கையானது. அது சயாமின் பிடியில் இருந்த காலத்தில், 1900-இல், டஃப் என்ற முன்னாள் போலீஸ் அதிகாரி அங்கே போய், உட்பகுதியில் பெரும் நிலப்பரப்பைத் தன் பெயருக்கு உரிமை எழுதி வாங்கிக்கொண்டார். சுரங்கம், வியாபாரம் எல்லாம் அவர் கம்பெனி கையில். முதல் வந்ததுதான். ஆனால் ஒரே ஆள் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மற்றவன் எப்படி உள்ளே வருவான்?

1909-இல் கிளந்தான் பிரிட்டிஷ் பக்கம் வந்தது. அந்த உரிமைகளை ரத்து செய்ய 1912-இல் 3 இலட்சம் பவுன் தர வேண்டியிருந்தது. ஏழை மாநிலத்தின் தலையில் கடன் ஏறியது. அப்படியும் தகராறு ஓயாமல் 1924-இல் லண்டன் பிரபுக்கள் சபை வரை போனது. கிளந்தான் சுல்தான் தனி அரசர், அவர் அரசின்மேல் வழக்குச் செல்லாது என்று தீர்ப்பானது. ஆட்சியை நடத்துவது வெள்ளைக்கார ஆலோசகர், வழக்கென்று வந்தால் மட்டும் சுல்தான் தனி அரசர்!

கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை ரயில் போய்ச் சேர்ந்தது 1931-இல். மேற்கே முதல் ரயில் ஓடி 46 ஆண்டு ஆகியிருந்தது. அதற்குள் உலக மந்தம் வந்து ரப்பர் விலை தரையில் கிடந்தது. தோட்டங்களிலிருந்து நம்மவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பத்தே ஆண்டில் ஜப்பான்காரன் வந்து அந்தக் கிழக்குப் பாதையின் தண்டவாளங்களைப் பிடுங்கிச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனான். நம் தோட்டத்து ஆட்களும் அந்த ரயில் வேலைக்குத்தான் போனார்கள்.