பேதுருவின் முதலாம் நிருபம்

புதிய ஏற்பாட்டைச் சேர்ந்த, 5 அதிகாரங்கள் கொண்ட இந்நிருபம், பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா ஆகிய ரோமானிய மாகாணங்களில் சிதறி, அயலாரின் அவதூறுக்கு இலக்காகி வாழ்ந்த கிறிஸ்தவர்களுக்கு விடுக்கப்பட்டது. அப்போஸ்தலராகிய பேதுருவே இதன் ஆசிரியர் என்பது சபை மரபு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் பெயரால் பிறர் எழுதியது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை.

கீழ்ப்படிதலும் துன்பம் சகித்தலும் இதன் ஜீவநாடியாகும். குடிகள் அரசனுக்கும், வீட்டு அடிமைகள் எஜமானருக்கும், மனைவியர் புருஷருக்கும் அடங்கியிருக்க வேண்டுமென உபதேசிக்கும் ஆசிரியர், புருஷர் தம் மனைவியரை ஜீவகிருபையின் உடன்சுதந்தரராக மதிக்கவும், சபை மூப்பர் மந்தையை இறுமாப்பாய் ஆளாதிருக்கவும் கட்டளையிடுகிறார். குற்றம் புரிந்து தண்டனை அடைவதில் யாதொரு புகழுமில்லை என்றும், நன்மை செய்தும் பாடு அனுபவித்து, பழிக்குப் பழி வாங்காதிருத்தலே கிறிஸ்துவின் அடிச்சுவட்டைப் பின்பற்றுவதாகும் என்றும் அவர் போதிக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்தோர், இந்நிருபத்தின் வாக்கியங்களைத் தமக்கு ஆதாரமாகக் காட்டினர். அநீதியைப் பொறுப்பவனுக்கு உரைத்த ஆறுதலை, அநீதி இழைப்பவனுக்கு வழங்கிய உரிமையாகத் திரித்தல், பட்சபாதமின்றி நியாயந்தீர்க்கும் கடவுளை முன்னிறுத்தும் இந்நூலின் கருத்துக்கு முற்றிலும் விரோதமானது.