சொல்லுக்கு லெலோங்

பினாங்கில் விளக்குக் கம்பங்களில் கட்டியிருக்கும் ‘லெலோங்’ அட்டைகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. தவணை கட்ட முடியாமல் போன வீடுகளை வங்கி விற்கும் அறிவிப்பு. மலாய்க்காரர்கள் சொல்லும் லெலோங்கும் நாம் சொல்லும் ஏலமும் ஒரே போர்த்துகீசியச் சொல்லின் பிள்ளைகள். கப்பலில் வந்த சொல், இந்தத் தீவில் நன்றாகவே காலூன்றிவிட்டது. ஏனென்றால் இங்கே வீடு, நிலத்துக்கு முன்னாலேயே உரிமைகளை ஏலம் விட்டிருக்கிறார்கள்.

கம்பெனியார் காலத்திலிருந்தே அபின், சாராயம் விற்கும் உரிமை இங்கே குத்தகைக்குப் போனது. யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு. குத்தகைக்காரர் மாதாமாதம் அரசாங்கத்துக்குப் பணம் கட்டுவார். குத்தகைக் காலம் முடியும்வரை அந்த வட்டாரத்தில் அபின் காய்ச்சி விற்க வேறு யாருக்கும் அனுமதி கிடையாது. எங்கள் ஆயர் ஈத்தாமின் அடையாளமான கெக் லோக் சி கோயிலுக்கு அள்ளிக்கொடுத்தவர்களில் சுங் கெங் குவீயும் சியோங் ஃபாட் சீயும் உண்டு. இரண்டு பேருமே இப்படிப்பட்ட குத்தகைகளில் சம்பாதித்தவர்கள். 1910இல் நீரிணைக் குடியேற்ற அரசு அபின் வியாபாரத்தைத் தானே எடுத்துக்கொண்டபோதுதான் அந்த ஏலம் நின்றது.

கூகுளில் எதையாவது தேடினால் மேலே வந்து நிற்கும் விளம்பரங்களுக்கும் இதே மாதிரி ஒரு வரலாறு இருக்கிறது. அங்கே ஏலத்துக்கு வந்தது சொல்.

1998இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் பில் கிராஸ் என்பவர் ‘கோடூ.காம்’ என்ற தேடுபொறியைத் தொடங்கினார். அப்போதைய தேடுபொறிகளில் குப்பை நிறைந்திருந்தது. பக்கத்துக்குள் சம்பந்தமில்லாத சொற்களை ஒளித்துவைத்து ஆள்பிடிப்பார்கள். காசு கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டால் சம்பந்தமில்லாதவன் தானாக ஓடிவிடுவான் என்பது கிராஸின் வாதம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஏலம். அதிகம் கேட்டவர் முதலிடம், அடுத்தவர் இரண்டாமிடம். யாராவது க்ளிக் செய்தால் மட்டும் கேட்ட தொகையைக் கட்டினால் போதும். யார் எவ்வளவு கேட்டார் என்பதும் முடிவுகளின் பக்கத்திலேயே தெரியும். பலர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். தேடலைப் போய் விற்பதா என்று. எனக்கென்னவோ, விலையை வெளிப்படையாகப் போட்ட அந்தக் கடை பிறகு வந்த எல்லாக் கடைகளையும்விட நேர்மையானதாகத்தான் தெரிகிறது.

ஆனால் அந்த ஏலத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ‘பூமாலை’ என்ற சொல்லுக்கு இரண்டு கடைகள் மோதுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு க்ளிக் முதல் கடைக்கு 2 வெள்ளி பெறும், இரண்டாவதற்கு 1.50. குறைந்தபட்ச விலை 10 காசு. ஒருவர் 11 காசு கேட்பார், மற்றவர் 12, அவர் 13. இப்படியே ஏறும். ஓர் உயரத்துக்கு மேல் போனால் கட்டுப்படியாகாது என்று இரண்டாம் கடைக்காரர் சட்டென்று 10 காசுக்கு இறங்கிவிடுவார். இரண்டாமிடத்துக்கு அது போதுமே. உடனே முதல் கடைக்காரரும் 11 காசுக்கு இறங்குவார். மறுபடி ஏற்றம். ஆட்கள் செய்தால் ஒரு நாளாகும் இந்த ஆட்டத்தை மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டார்கள், அது ராப்பகலாக ஆடியது. கோடூ, 2001இல் ‘ஓவர்ச்சர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் 2002–03 ஏலப் பதிவுகளைப் பெஞ்சமின் எடெல்மனும் மைக்கேல் ஆஸ்ட்ரோவ்ஸ்கியும் ஆராய்ந்தபோது, விலைக் கோடு ரம்பப் பல்லாகவே இருந்தது.

கூகுள் 2002 பிப்ரவரியில் இரண்டு விதிகளை மாற்றியது. ஒன்று, நீங்கள் கேட்டதைக் கட்ட வேண்டாம், உங்களுக்குக் கீழே இருப்பவரைத் தாண்டத் தேவையானதை மட்டும் கட்டுங்கள். ரம்ப ஆட்டம் இதனால் அடங்கியது. இரண்டாவது விதிதான் எனக்குப் பிடித்தது. இடத்தை முடிவுசெய்வது கேட்ட தொகை மட்டும் இல்லை. அந்தத் தொகையை, விளம்பரத்தை மக்கள் க்ளிக் செய்யும் வாய்ப்பால் பெருக்கிக் கிடைக்கும் எண். ஒருவர் 3 வெள்ளி கேட்கிறார், நூறு பேர் பார்த்தால் 2 பேர் க்ளிக் செய்கிறார்கள்: 6. இன்னொருவர் 2 வெள்ளிதான் கேட்கிறார், ஆனால் 5 பேர் க்ளிக் செய்கிறார்கள்: 10. குறைவாகக் கேட்டவர் மேலே போகிறார். அதோடு 6ஐத் தாண்டினால் போதும் என்பதால் அவர் கட்டுவது ஏறக்குறைய 1.20 வெள்ளி. இதில் தர்மம் எதுவும் இல்லை. க்ளிக் நடந்தால்தான் கூகுளுக்குக் காசு, யாரும் தொடாத விளம்பரத்தை மேலே வைத்தால் நஷ்டம், அவ்வளவுதான். இன்று விளம்பரத்தின் பொருத்தம், போய்ச்சேரும் பக்கத்தின் தரம் என்று கணக்கில் இன்னும் பல சேர்ந்திருக்கின்றன. அடிப்படை அந்தப் பெருக்கல்தான்.

ஓவர்ச்சர் காப்புரிமை வழக்குப் போட்டது. 2003இல் அதை யாஹூ வாங்கியது. 2004இல் கூகுள் 27 லட்சம் பங்குகளை யாஹூவுக்குக் கொடுத்து விவகாரத்தை முடித்தது.

இப்படிச் சந்தைக்கு வந்த சொற்களில், ஒருவரின் பெயரும் உண்டா? இந்தக் கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தமிழரின் கல்யாணத் தளத்தால் வந்தது. முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய பாரத் மேட்ரிமோனியை அப்போது நடத்தியது கன்சிம் இன்ஃபோ நிறுவனம். ‘பாரத் மேட்ரிமோனி’, ‘தமிழ் மேட்ரிமோனி’ என்று தேடினால் போட்டித் தளங்களின் விளம்பரம் வருகிறது, எங்கள் வணிகப் பெயரைக் கூகுள் அவர்களுக்கு விற்கிறது என்று 2009இல் அது வழக்குத் தொடுத்தது. 2010 செப்டம்பர் 30 அன்று நீதிபதி வெ. இராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். தமிழ், பாரத், மேட்ரிமோனி எல்லாம் அகராதிச் சொற்கள். கல்யாணத் தளம் நடத்தும் மற்றவர்களும் தங்கள் தொழிலைச் சொல்ல அவை வேண்டும். (இதே நீதிபதி பின்னாளில் தினமணியில் ‘சொல் வேட்டை’ என்று ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் தொடர் எழுதினார். பொருத்தமான ஆளிடம்தான் வழக்கு போயிருக்கிறது.)

அந்த நிறுவனம் விடவில்லை. அதன் புகாரையும் சேர்த்து விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தேடல் முடிவுகளில் ஓரவஞ்சனை என்பதற்காக. விளம்பர ஏலத்தில் ஆணையம் தவறு காணவில்லை. 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், அகர்வால் பேக்கர்ஸ் வழக்கில், வணிகப் பெயரைத் தேடுசொல்லாக விற்பதும் அதைப் பயன்படுத்துவதுதான் என்றது. ஆனால் வாடிக்கையாளர் குழம்பாதவரை அது மட்டுமே உரிமை மீறல் ஆகிவிடாது.

சட்டப்படி சரி. ஃபார்லிமில் சமையல் ஆர்டர் எடுக்கும் என் சின்னம்மாவிடம் இதை விளக்குவதுதான் கஷ்டம். அவர் கடைப் பெயரைக் கைபேசியில் தட்டினால் முதலில் வருவது வேறொரு கடை. அவருடைய பக்கம் இலவச முடிவுகளில் முதலாவதாகத்தான் இருக்கிறது, ஆனால் விரலால் தள்ளிக் கீழே போனால்தான் தெரியும். அவர் பெயருக்கு அவரையே ஏலம் கேட்க வைத்தேன். “ஏம்பா, எம் பேருக்கு நான் எதுக்குக் காசு கட்டணும்?”

கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் கடை 2 வெள்ளி கேட்டாலும், சின்னம்மாவின் பெயரைத் தட்டியவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் அதைத் தொடுவார் என்றால் அதன் எண் 2. சின்னம்மாவின் விளம்பரத்தை 20 பேர் தொட்டால் அவருக்கு 10 காசே போதும். பெருக்கல் அவர் பக்கம்தான் இருக்கிறது. அவரும் தலையாட்டினார். ஆனால் அந்த 10 காசு இலவசமாக ஆகவே ஆகாது. போட்டிக் கடை விலகும்வரை ஒவ்வொரு க்ளிக்குக்கும் அது போய்க்கொண்டே இருக்கும். போன மாதம் இரண்டு கோழி விலை வந்தது. கணக்குப் புத்தகத்தில் அதைக் கடை வாடகைக்குக் கீழே எழுதியிருக்கிறார்.