உலகக்கோப்பை வென்ற ஓசில்... 29 வயதில் ஜெர்மனி அணியை விட்டு விலகியது ஏன்?

துருக்கியிலிருந்து பிழைப்பு தேடி ஜெர்மனிக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை, மெசுட் ஓசில். 1988-ல் நிலக்கரிச் சுரங்க நகரமான கெல்சன்கிர்ஷனில் பிறந்தவர்.

ஷால்கே, வெர்டர் பிரெமன், ரியல் மாட்ரிட், ஆர்சனல் என வளர்ந்த ஓசில், கோல் அடிப்பதைவிட அடிக்க வைப்பதில் கில்லாடி. 2014-ல் ஜெர்மனி உலகக்கோப்பையை வென்றபோது 7 போட்டிகளிலும் ஆடினார்.

என்னதான் பிரச்னை?

2018 மே மாதம், துருக்கி அதிபர் எர்டோகனுடன் ஓசில் எடுத்துக்கொண்ட போட்டோ வெளியானது. எதிர்ப்பாளர்களை ஒடுக்குவதாக விமர்சிக்கப்படும் தலைவருடன் போட்டோவா, விசுவாசம் எந்த நாட்டுக்கு என்று ஜெர்மனியில் கேள்வி கிளம்பியது. அடுத்த மாதமே உலகக்கோப்பையில் நடப்பு சாம்பியன் ஜெர்மனி முதல் சுற்றிலேயே அவுட். கோபம் ஓசில் பக்கம் திரும்பியது.

ஜூலை 22-ல் அறிக்கை விட்டு விலகினார். போட்டோவில் அரசியல் இல்லை, முன்னோர் நாட்டின் உயர்ந்த பதவிக்குத் தந்த மரியாதைதான் என்றார். ஜெயிச்சா ஜெர்மன்காரன், தோத்தா குடியேறி வந்தவன் என்பதுதான் அவரது ஆதங்கம். இனவெறிப் புகாரை ஜெர்மனி கால்பந்து சங்கம் மறுத்தது.

92 போட்டிகள், 23 கோல்களோடு முடிந்தது ஜெர்மனி பயணம். கடைசியில் துருக்கி கிளப்களில் ஆடிவிட்டு, 2023 மார்ச்சில் ஓய்வு பெற்றார்.