கிளைமர உருவகமும் பாறசாலை எல்லைப் பேச்சும்

மொழிகள் மனித விருப்பத்திற்கு உட்படாத இயற்கை உயிரிகள் என்றும், அவை தோன்றி வளர்ந்து முதிர்ந்து மடிகின்றன என்றும் செருமானிய மொழியியலார் ஷ்லைகர் 1863இல் எழுதினார். டார்வினின் நூல் வெளிவந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆயினும் மொழிக்குடும்பத்திற்கான கிளைமரத்தை அவர் 1853இலேயே வரைந்துவிட்டார். மொழியியல் இவ்வுருவகத்தை டார்வினிடம் கடன்பெற்றது என்னும் கூற்று இதனால் வலுவிழக்கிறது.

இக்கோட்பாட்டில் மொழிகள் தனிநிலை, ஒட்டுநிலை, உட்பிணைப்புநிலை எனப் படிப்படியாக உயர்வன. ஒட்டுநிலை மொழியான தமிழுக்கு நடுப்படியே கிடைத்தது. அப்படிவரிசை பின்னர்க் கைவிடப்பட்டது, மரம் நிலைத்தது. மலையாளத்தைத் தமிழின் கிளையாகக் கால்டுவெல் 1856இல் விளக்கினார். வினைமுற்றில் திணை, பால், இட விகுதிகள் மறைந்ததை ஏ. ஆர். ராஜராஜவர்மா கேரளபாணினீயத்தில் பிரிவின் அடையாளங்களுள் ஒன்றாக்கினார். தமிழின் 'வந்தான், வந்தாள்' இரண்டிற்கும் மலையாளத்தில் 'வந்நு' ஒன்றே. இவ்விளக்கத்தின் பயனை மறுப்பதற்கில்லை.

ஆனால் பிரிந்த கிளைகள் மீண்டும் கூடுவதை மரம் காட்டாது. பாறசாலையிலிருந்து களியக்காவிளையைக் கடந்து விளவங்கோடு வட்டத்திற்குள் செல்பவருக்கு விகுதிகள் மாறினாலும் சொற்கள் உடன்வருகின்றன. எல்லையின் இருபுறமும் கிழங்கு 'மரச்சீனி'யே. மத்திய கேரளத்திலோ அது 'கப்ப'. பிற தமிழருக்குப் பெருக்கைக் குறிக்கும் 'வெள்ளம்' இங்கு இருபுறமும் குடிநீர். ஷ்மிட் 1872இல் முன்வைத்த அலைக்கோட்பாடே இதற்குப் பொருந்துகிறது. பாக்டீரியாக்களிடையே மரபணுக்கள் இனம் கடந்து பரவுவதை அறிந்த இன்றைய உயிரியலாரும் மரத்தை மட்டும் நம்புவதில்லை என்பது ஒரு சுவையான செய்தி.

எல்லை தோன்றிய வரலாறு உயிரியல் ஒப்புமையை இன்னும் கடுமையாகச் சோதிக்கிறது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரை வட்டத்தையும் கோரியது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் போராடியவர்கள் உயிரிழந்தனர். மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையின் வழி, விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென்வட்டங்கள் 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

பின்னர் ஒருபுறம் தமிழும் மறுபுறம் மலையாளமும் ஆட்சிமொழியாயின. பாறசாலைத் தமிழ்க் குடும்பமொன்று பிள்ளையை மலையாளப் பள்ளிக்கு அனுப்பினால் அதை 'இயற்கைத் தேர்வு' என்பது பொருந்தாது. அங்கே தேர்ந்தெடுப்பவர் பெற்றோர். அவர்கள் எண்ணிப் பார்ப்பவை அரசாணையும் வேலை விண்ணப்பமும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறமொழி அறிவுக்குத் தனி வினா உண்டெனினும், தாய்மொழி என ஒன்றையே குறிக்க முடியும். இரண்டையும் வீட்டில் பேசுபவர் அவ்விடத்தில் எதைச் சொல்கிறாரோ அதுவே அட்டவணைக்குள் செல்கிறது.